பழைய பெட்டிக்கும் இடம் வைத்துக் கட்டிய உலகம்: ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டும் பர்னிங் ஷோர்ஸும்

இயந்திர விலங்குகள் உலவும் எதிர்கால உலகில் நடக்கும் ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் என்ற வீடியோ விளையாட்டில், முன்னோர் விட்டுச்சென்ற பாழடைந்த கட்டடங்களில் பூட்டிக் கிடக்கும் கதவு எதிர்ப்பட்டால், கதாநாயகி ஏலாய் தன் ஈட்டி முனையை இடுக்கில் செருகி, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து நெம்புவாள். கதவு முனகிக்கொண்டே ஓராள் நுழையும் அளவுக்கு விலகும். இந்தக் காட்சியை முதலில் சோனியின் பழைய விளையாட்டுக் கன்சோலான பிளேஸ்டேஷன் 4-இலும் (பிஎஸ்4), ஓராண்டு கழித்து அதன் அடுத்த தலைமுறையான பிஎஸ்5-இலும் பார்த்தேன். புதிய கன்சோலில் அவள் முகத்தில் விழும் ஒளி மாறியிருந்தது. முடியிழைகள் தனித்தனியாகத் தெரிந்தன. அசைவு வழுக்கிக்கொண்டு போனது. கதவு திறப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரம் மட்டும் மாறவில்லை. பழைய கன்சோலுக்கும் சேர்த்து ஒரு விளையாட்டை உருவாக்கினால் படம் மங்கிவிடும் என்றுதான் நாம் பொதுவாக வருத்தப்படுகிறோம். என் கவலை படத்தைப் பற்றியது அல்ல, இந்தக் கதவைப் பற்றியது.

ஆம்ஸ்டர்டாமில் இயங்கும் கெரில்லா நிறுவனம் 2022 பிப்ரவரி 18 அன்று இந்த விளையாட்டை இரண்டு கன்சோல்களுக்கும் ஒன்றாக வெளியிட்டது. 14 மாதம் கழித்து, 2023 ஏப்ரல் 19 அன்று, இதன் கதையைத் தொடரும் கூடுதல் பகுதியான, அதாவது நீட்சியான, பர்னிங் ஷோர்ஸ் பிஎஸ்5-க்கு மட்டும் வந்தது. அதே குழு, விளையாட்டை இயக்கும் அதே டெசிமா என்ஜின் மென்பொருள், அதே கதாநாயகி. பழைய கன்சோல் மட்டும் கணக்கிலிருந்து போயிற்று. பழைய கன்சோலைச் சுமப்பதால் ஒரு விளையாட்டின் அமைப்பு எப்படி மாறுகிறது என்பதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட இதைவிட நல்ல இணை கிடைப்பது அரிது என்பதால், இரண்டையும் சேர்த்தே மதிப்பிடுகிறேன்.

பழைய கன்சோலை ஏன் விடவில்லை என்று கேட்பவர்களுக்கு விற்பனைக் கணக்கே பதில். 2022 மார்ச் முடிவில் பிஎஸ்4 ஏறக்குறைய 11.7 கோடி விற்றிருந்தது. பிஎஸ்5 இரண்டு கோடியைக்கூடத் தொடவில்லை. கடைகளில் புதிய கன்சோல் கிடைக்காமல் மக்கள் முன்பதிவு நாளுக்காகக் காத்துக்கிடந்த காலம் அது. அந்த நிலையில் பெரும் செலவில் உருவான விளையாட்டைப் புதிய கன்சோலுக்கு மட்டும் விற்பது எந்தப் பதிப்பாளருக்கும் கட்டுப்படியாகாது. எனவே முடிவைக் குறை சொல்வதற்கில்லை. அந்த முடிவுக்கு விளையாட்டு என்ன விலை கொடுத்தது என்று பார்ப்பதுதான் முறை.

2013-இல் வந்த பிஎஸ்4-இன் உள்ளே 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் எட்டு ஜாகுவார் செயலிக் கருக்களும், 8 ஜிபி நினைவகமும், மடிக்கணினிகளில் இருப்பது போன்ற சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் இருக்கின்றன. பிஎஸ்5-இல் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டும் ஜென் 2 கருக்கள், 16 ஜிபி நினைவகம், சுழலும் தட்டு இல்லாமல் நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டி சேமிப்பகம். இவற்றில் கிராபிக்ஸ் திறனில் உள்ள இடைவெளியை நிரப்புவது ஒப்பீட்டளவில் எளிது. ரெசல்யூஷனைக் குறைக்கலாம், புல்லின் அடர்த்தியைக் குறைக்கலாம், நிழலை மழுப்பலாம், நொடிக்கு அறுபது பிரேமை முப்பதாக்கலாம். விளையாட்டு அதே விளையாட்டாகவே இருக்கும். ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை இயந்திர விலங்குகள் தனித்தனியாக முடிவெடுத்து நடமாட வேண்டும், ஒரு சுவர் இடிந்தால் அதன் துண்டுகள் எங்கே போய் விழ வேண்டும், வீரர் எவ்வளவு வேகமாக நிலப்பரப்பைக் கடக்கலாம் என்பவற்றையெல்லாம் அப்படி ஏற்ற இறக்கம் செய்ய முடியாது. எதிரிகள் பத்துப் பேரை நான்காகக் குறைத்தால் அது வேறு சண்டை. ஆகவே இந்த மூன்று விஷயங்களிலும் பலவீனமான கன்சோலே அளவுகோலாகிவிடுகிறது. வலிமையான கன்சோல் அந்த அளவுகோலுக்குள் அழகாக நடந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

இவற்றில் மிக அழுத்தமாகப் பிடிப்பது ஹார்ட் டிஸ்க்தான். பிஎஸ்5-இன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சில் நிகழ்த்திய விளக்க உரையில் இதை வெளிப்படையாகவே பேசினார். பிஎஸ்4-இன் டிஸ்க் நொடிக்கு 50 முதல் 100 எம்பி வரைதான் படிக்கும். அதிலும் தரவு டிஸ்கின் பல மூலைகளில் சிதறிக் கிடந்தால் அதைப் படிக்கும் முனை அங்குமிங்கும் ஓடியே நேரம் போய்விடும். அந்த ஓட்டத்தைத் தவிர்க்க, ஸ்பைடர்மேன் போன்ற நகர விளையாட்டுகளில் தபால் பெட்டி போன்ற சின்னச் சின்னப் பொருள்களை ஒவ்வொரு தெருவின் தரவோடும் சேர்த்துத் திரும்பத் திரும்ப எழுதி வைக்கிறார்கள்; ஒரே பொருள் டிஸ்கில் 400 முறைகூட இருக்கலாம் என்பது அவர் சொன்ன கணக்கு. டிஸ்கில் இடம் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு பெரிய பகுதிகளுக்கு நடுவே வளைந்து நெளியும் பாதை, மெதுவாக ஏறும் லிஃப்ட், பக்கவாட்டில் உடலை நுழைத்துக் கடக்கும் பாறை இடுக்கு, ஏலாய் நெம்புவது போன்ற மெல்லத் திறக்கும் கதவு ஆகியவை, அடுத்த பகுதியை டிஸ்க் படித்து முடிக்கும் வரை வீரரைத் தாமதப்படுத்த வரைபடத்தில் வந்து உட்கார்ந்ததற்கும் இதுவே காரணம். 2022 நவம்பரில் இரண்டு கன்சோல்களுக்கும் வந்த காட் ஆஃப் வார் ராக்னராக் விளையாட்டில் அதன் நாயகன் க்ராடோஸ் எத்தனை முறை மூச்சை அடக்கிப் பாறைகளுக்கு நடுவே நுழைந்தார் என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். பிஎஸ்5-க்கு அந்த இடுக்குகள் தேவையில்லை. ஆனால் மலையை ஒருமுறை அப்படி அடுக்கிய பிறகு ஒரு கன்சோலுக்கு மட்டும் பிரித்து அடுக்க முடியாது.

ஃபர்பிடன் வெஸ்ட் இதில் ராக்னராக்கைவிடச் சாமர்த்தியமானது. திறந்தவெளி விளையாட்டு என்பதால் அதன் கட்டுப்பாடு கதவிலும் இடுக்கிலும் தெரிவதைவிட வேகத்தில்தான் தெரிகிறது. ஏலாய் ஓடுகிறாள்; பிறகு சார்ஜர் என்ற ஆட்டுக்கிடா போன்ற இயந்திரத்தில் ஏறிப் போகிறாள். பாலைவனமும் பள்ளத்தாக்கும் காடும் அந்த வேகத்துக்குத் தகுந்த அளவில், அடுத்த பகுதியை டிஸ்க் படித்து முடிக்க அவகாசம் தரும் வளைவுகளோடு விரிகின்றன. இவ்வளவு செறிவான உலகத்தை 2013-ஆம் ஆண்டுக் கன்சோலில் திணறாமல் ஓட்டிக் காட்டியது பொறியியல் சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. பிஎஸ்4-இல் மட்டும் இதை முடித்தவர்கள் குறைப்பதிப்பை வாங்கிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. முகாமிலிருந்து முகாமுக்குத் தாவும்போது காத்திருக்கும் நேரம் மட்டுமே உறுத்தும். பிஎஸ்5-இலோ அந்த லோடிங் திரை அவ்வளவு சீக்கிரம் மறைந்துவிடுகிறது என்பதால், அதில் வரும் குறிப்புகளைப் படித்து முடிக்கும் வரை திரையை நிறுத்திவைக்கும் வசதியைப் பின்னால் சேர்த்தார்கள். காத்திருப்பைக் குறைக்கப் பாடுபட்ட தொழிலில் இப்படியும் ஒரு தேவை வந்ததே என்று சிரித்துக்கொண்டேன்.

பறக்கும் சன்விங் இயந்திரம் கைக்கு வருவது கதையின் கடைசிக் கட்டத்தில். அதுவரை ஏறக்குறைய நாற்பது மணி நேரம் தரையில் அலைந்திருந்தேன். மேலே எழும்பியதும் முதல் சில நிமிடங்கள் நெஞ்சு நிறைந்தது. பிறகு நிலம் என்னைப் பொருட்படுத்தவில்லை என்பது தெரிந்தது. கீழே உள்ள எல்லாமே நடந்து வருபவரின் கண்மட்டத்துக்காக அடுக்கப்பட்டவை. வானத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. மேகங்கள் எட்ட நின்று பார்க்கும் ஓவியங்களாகவே இருந்தன. சன்விங் என்பது கதையை முடிப்பவருக்குக் கொடுத்த பரிசு. அதை மனதில் வைத்து நிலம் வடிவமைக்கப்படவில்லை.

பர்னிங் ஷோர்ஸ் சன்விங்கின் முதுகிலிருந்தே தொடங்குகிறது. நில அதிர்விலும் எரிமலைக் குழம்பிலும் உடைந்து தீவுக்கூட்டமான லாஸ் ஏஞ்சலிஸ் கீழே தெரிகிறது. தீவுகளுக்கு நடுவே கடல், குழம்பு, சாய்ந்த கட்டடங்கள். பறக்காமல் இந்த வரைபடம் அர்த்தப்படாது. மேகங்களும் இப்போது ஓவியமாக இல்லை. நுபிஸ் என்று கெரில்லா பெயரிட்டிருக்கும் மேக அமைப்பை இதற்காக முப்பரிமாணக் கட்டங்களாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு கருமேகத்தின் பக்கவாட்டில் குகை போலத் திறந்திருந்த வாயில் நுழைந்தேன். ஒளி படிப்படியாகச் சாம்பல் நிறமாகி, எங்கோ உள்ளே மின்னல் வெட்டியபோது மேகத்தின் சுவர்கள் ஒரு கணம் உள்ளிருந்து வெளிச்சமாகி அணைந்தன. மறுபுறம் வெளியே வந்தபோது கீழே கடல் வேறொரு இடத்தில் இருந்தது. திசை தப்பிப் போயிருந்தேன். ஒரு விளையாட்டில் மேகத்துக்குள் வழி தவறியது எனக்கு அதுவே முதல் முறை. நீட்சியின் பிற்பகுதியில் கிடைக்கும் வாட்டர்விங் இயந்திரமோ, வானத்தின் உயரத்திலிருந்து அப்படியே கடலுக்குள் பாய்ந்து மறுபடி எழும்புகிறது. நடுவில் எந்தத் திரையும் மறைக்கவில்லை, எந்த இடுக்கும் குறுக்கிடவில்லை.

பழைய கன்சோலைக் கைவிட்டதற்கு நினைவகமும் கணக்கிடும் திறனும் பெரிதும் தேவைப்பட்ட ஒரு மாபெரும் சண்டைக் காட்சியையே விளையாட்டின் இயக்குநர் மத்தைஸ் டி யோங் காரணமாகக் காட்டினார். அது இறுதியில் வரும் ஹோரஸ் சண்டை. 2017-இல் வந்த முதல் பாகத்திலிருந்தே மலைகளின் மேல் செத்துக் கிடந்த அந்தப் பிரம்மாண்ட இயந்திரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கடந்து போயிருக்கிறோம். அது எழுந்து நடப்பதும், அதன் நீண்ட கைகள் நாம் ஒளிந்திருக்கும் சுவரையே பெயர்த்து வீசுவதும் காத்திருந்ததற்குத் தகுந்த காட்சிகள். மறைவிடம் நிரந்தரமில்லை என்பதால் ஓட வேண்டியிருக்கிறது. ஓடும் திசையை ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. படத்தின் அழகைத் தாண்டி, ஆடும் முறையிலேயே இங்கு ஒரு மாற்றம் நிகழ்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேகத்தையும் ஹோரஸையும் எடுத்துவிட்டால் பர்னிங் ஷோர்ஸின் எஞ்சிய பகுதி அப்படியே பழைய விளையாட்டுதான். பெட்டியை இழுத்து வந்து சுவரோடு சேர்த்து ஏறுவது, பிடித்து ஏறும் விளிம்புகளைத் தேடுவது, எதிரிகள் புல்லுக்குள் ஒளிந்திருப்பவரை அடியோடு மறந்துவிடுவது என எதுவும் மாறவில்லை. சாதாரண மோதல்களில் இயந்திரங்களின் எண்ணிக்கையும் எனக்குக் கூடியதாகப் படவில்லை. இவற்றுக்கு பிஎஸ்4-ஐப் பழி சொல்ல வழியில்லை, ஏனெனில் பிஎஸ்4 அங்கே இல்லை. பல ஆண்டுகள் ஒரு கன்சோலின் எல்லைக்குள் வேலை செய்தவர்களுக்கு அந்த எல்லை பழக்கமாகிவிடும் என்பதே என் கணிப்பு. இரண்டு தலைமுறைக் கன்சோல்கள் பற்றிய விவாதங்களில் இந்தப் பகுதி பேசப்படாமல் போகிறது. குறைகள் அனைத்தையும் பழைய கன்சோலின் தலையில் கட்டிவிடுவது வசதியாக இருக்கிறது.

பழைய கன்சோலை அளவுகோலாகக் கொள்ளாமல், முதலில் பெரிதாகக் கனவு கண்டுவிட்டுப் பிறகு அதில் திணிக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு இருக்கிறது. 2020 டிசம்பர் 10 அன்று வெளியான அது, பிஎஸ்4-இல் இருந்த நிலையால் ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்து நீக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஜூனில்தான் திரும்ப வந்தது. காவலர்கள் வண்டிகளில் துரத்தி வரும் முறையைக் கொண்டுவந்த 2023-ஆம் ஆண்டின் 2.0 மாற்றங்களும், பேன்டம் லிபர்ட்டி நீட்சியும் பழைய கன்சோல்களுக்கு வரவேயில்லை. அதோடு ஒப்பிட்டால் கெரில்லாவின் வழி நேர்மையானது: முதலில் இரண்டு கன்சோல்களும் தாங்கும் ஒரு முழு விளையாட்டு, பிறகு ஒன்றுக்கு மட்டும் ஒரு நீட்சி.

வாங்க நினைப்பவர்களுக்கு: பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் 2023 அக்டோபரில் வந்த கம்ப்ளீட் எடிஷனையும், கணினியில் விளையாடுபவர்கள் 2024 மார்ச்சில் வந்த பதிப்பையும் வாங்கினால் நீட்சியும் சேர்ந்தே கிடைக்கும். முதன்மைக் கதையை முடித்த பிறகே பர்னிங் ஷோர்ஸ் திறக்கும் என்பதால் அவசரப்பட வேண்டாம். அறுபது பிரேம் தரும் பெர்ஃபார்மன்ஸ் முறையிலேயே விளையாடுங்கள். 120 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சி இருந்தால் நாற்பது பிரேம் முறை இன்னும் தெளிவாக இருக்கும். பிஎஸ்4 மட்டும் வைத்திருப்பவர்கள், கதை அந்தக் கன்சோலில் தொடராது என்று தெரிந்துகொண்டு, முதன்மை விளையாட்டைத் தயங்காமல் வாங்கலாம்.