முதலாண்டுப் பிரெஞ்சு வகுப்பு: இலக்குப் பட்டியலும் மதிப்பெண் பட்டியலும்

உயர்நிலைப் பள்ளியில் முதன்முறையாகப் பிரெஞ்சு எடுக்கும் மாணவர்களுக்கான ஓராண்டு வகுப்பு ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. என் மகள் அந்த வகுப்பில் படித்தாள். அவளுடைய பாடநூலையும் குறிப்பேட்டையும் திருத்தி வந்த தாள்களையும் ஆண்டு முழுவதும் தொடர்ந்து பார்த்துவந்தேன். கற்பித்தல் சிறப்பாக இருந்தது, மாணவர் எதை எட்ட வேண்டும் என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்த இலக்குகளை எட்டினார்களா என்று பார்க்க வேண்டிய மதிப்பெண் முறை வேறு திசையில் நின்றது. இந்த வகுப்பில் தம் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு இந்த வேறுபாடு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் நாளிலேயே ஆசிரியர் சில பக்கங்கள் கொண்ட அறிவிப்புத் தாளைக் கொடுத்துப் பெற்றோரின் கையொப்பம் கேட்டிருந்தார். பெரும்பாலான பாடத்திட்டங்கள் நிகழ்காலம், உடைமைப் பெயரடை, எதிர்மறை வாக்கியம் என்று இலக்கணத் தலைப்புகளை அடுக்கிவிட்டு அத்துடன் முடிந்துவிடும். இந்தத் தாள் அப்படி இல்லை. ஆண்டு முடிவில் மாணவர் தம்மையும் தம் குடும்பத்தையும் அறிமுகப்படுத்துவார், மணியும் விலையும் கேட்டுப் புரிந்துகொள்வார், கடையில் வேண்டியதைக் கேட்டு வாங்குவார், தெரியாத இடத்தில் வழி கேட்பார், நேற்று என்ன செய்தார் என்பதைச் சிறு வாக்கியங்களில் சொல்வார் என்று ஒவ்வோர் இலக்கும் ஒரு செயலாக எழுதப்பட்டிருந்தது. ஐரோப்பிய அவை 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட பொது மொழிச் சட்டகம் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையிலும் கற்பவர் என்ன செய்ய வல்லவர் என்று விவரித்ததிலிருந்து வந்த வழக்கம் இது. இப்படி எழுதப்பட்ட இலக்கை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியும். பிரெஞ்சு தெரியாத பெற்றோர்கூட, “வழி கேட்பது போல் பேசு பார்க்கலாம்” என்று கேட்டு, பிள்ளை தயங்காமல் பேசுகிறதா என்று கவனிக்கலாம்.

இலக்குகளில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. முதலாண்டு முடிவிலேயே மாணவர்கள் ஏ1 நிலையைக் கடந்து ஏ2-க்குள் நுழைந்துவிடுவார்கள் என்று தாள் சொல்கிறது. ஏ1-ஐ எட்ட ஏறத்தாழ 60 முதல் 100 மணி நேரமும், தொடக்கத்திலிருந்து ஏ2 வரை செல்ல 160 முதல் 200 மணி நேரமும் கற்பித்தல் தேவை என்பது பிரெஞ்சு கற்பிப்போரிடையே பரவலாக வழங்கும் கணக்கு. வாரத்திற்கு 45 நிமிடம் கொண்ட நான்கு வகுப்புகள் என்றால் 3 மணி நேரம்; 36 வாரங்களுக்கு 108 மணி நேரம். தேர்வு நாள்களையும் விழா நாள்களையும் கழித்தால் நூறு மணிகூட மிஞ்சாது. ஆகவே ஏ1-ஐ உறுதியாக முடிப்பதே நேர்மையான இலக்கு. ஏ2-ஐ இரண்டாம் ஆண்டுக்கு விடுவதில் எந்தக் குறைவும் இல்லை. அவசரத்தில் ஏ1 தளர்ந்துபோனால்தான் பிறகு சிக்கல்.

வகுப்பில் மாணவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற பகுதியில் என்னை மிகவும் கவர்ந்தது, வாசலைத் தாண்டி உள்ளே வந்தபின் பிரெஞ்சில்தான் பேச வேண்டும் என்ற விதி. அமெரிக்காவின் அயல்மொழி ஆசிரியர் அமைப்பான ஆக்ட்ஃபில், வகுப்பு நேரத்தில் 90 விழுக்காடு அல்லது அதற்கு மேல் கற்கும் மொழியிலேயே நடக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. தொடக்க நிலை மாணவரிடம் இதைக் கேட்பது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் இந்த ஆசிரியர் அதற்கான கருவிகளை முதலில் கொடுத்துவிட்டுத்தான் விதியை நடைமுறைப்படுத்தினார். “புரியவில்லை”, “மறுபடி சொல்லுங்கள்”, “இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?”, “வெளியே போகலாமா?” போன்ற வாக்கியங்களை முதல் இரு வாரங்களில் மனத்தில் பதியவைத்து, சுவரிலும் எழுதி ஒட்டியிருந்தார். தவறாகப் பேசியதற்காக எவரையும் நிறுத்தவில்லை. சரியான வடிவத்தைத் தாமே ஒருமுறை சொல்லிவிட்டு உரையாடலைத் தொடர்ந்தார் என்று மகள் சொன்னாள். வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் தோழர் முன்னிலையில் பிழை செய்ய அஞ்சுபவர்கள்; அந்த அச்சத்தை நீக்காத வகுப்பில் எந்த விதியும் வாயைத் திறக்க வைக்காது.

இங்கே ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். முப்பது மாணவர் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசவைத்தால், 45 நிமிடத்தில் ஒருவருக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். இருவர் இருவராக அமர்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்கும் பயிற்சியால்தான் அந்த நேரம் பல மடங்காகிறது. முதல் பருவத்தில் இது நாள்தோறும் நடந்தது. தேர்வு நெருங்க நெருங்கக் குறைந்து, கடைசிப் பருவத்தில் பெரும்பாலும் எழுத்துப் பயிற்சித் தாள்களே அந்த இடத்தைப் பிடித்தன. இது ஏன் நடந்தது என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

உச்சரிப்புக்கு இந்த வகுப்பு கொடுத்த இடம் பாராட்டுக்குரியது. தமிழ் பேசும் பிள்ளைகளுக்குச் சில ஒலிகள் எளிதாகவே வருகின்றன. பேச்சுத் தமிழில் ‘மரம்’, ‘வந்தான்’ போன்ற சொற்களின் இறுதி மெய் தேய்ந்து, முன்னுள்ள உயிர் மூக்கொலியாக மாறுவதை நாம் கவனிப்பதே இல்லை. பிரெஞ்சின் மூக்கொலி உயிர்கள் அந்த இனத்தைச் சேர்ந்தவைதான். மாறாக, ‘தூ’ என்னும் முன்னிலைப் பெயரில் வரும் உயிர் நமக்குப் புதியது: ‘ஊ’ சொல்வதற்கு உதட்டைக் குவித்து, குவித்த நிலையிலேயே ‘ஈ’ சொன்னால் அது வரும். தொண்டையின் பின்பகுதியில் எழும் ரகரத்திற்கும் இதுபோன்ற செயல்முறை விளக்கமே ஆசிரியர் கொடுத்தார். “கேட்டுத் திருப்பிச் சொல்” என்று மட்டும் விடாமல், நாக்கும் உதடும் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு.

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளிதான் முதலாண்டின் பெரிய தடை. எழுதியதை அப்படியே படிக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு வரும் மாணவருக்கு, சொல்லிறுதியில் நிற்கும் மெய்யெழுத்துகளில் பல ஒலிக்காது என்பதும், ஒலிக்காத அந்த எழுத்தே அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் உயிர்பெற்று ஒலிக்கும் என்பதும் குழப்பமாகவே இருக்கும். ‘பேசு’ என்னும் பொருள்படும் ‘பார்லே’ வினையை நிகழ்காலத்தில் எழுதும்போது நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கு இடங்களிலும் சேர்த்து மூன்று வேறு எழுத்து வடிவங்கள் வருகின்றன. காதில் விழுவதோ ‘பார்ல்’ என்ற ஒரே ஒலிதான். ஆகவே சரியாகப் பேசும் மாணவர் தவறாக எழுதலாம். சரியாக எழுதும் மாணவர் ஒலிக்கக் கூடாத எழுத்துகளையெல்லாம் ஒலித்துப் பேசலாம். இவ்விரண்டும் தனித்தனித் திறன்கள் என்பதை ஆசிரியர் உணர்ந்திருந்தார். வாரந்தோறும் ‘திக்தே’ எனப்படும் சொல்வதெழுதுதல் நடந்தது. அதில் வந்த பிழைகளை வைத்தே அடுத்த நாளின் பாடம் அமைந்தது. பழைய முறை என்று பலரும் ஒதுக்கும் இந்தப் பயிற்சி, பிரெஞ்சைப் பொறுத்தவரை இன்றும் ஈடற்றது என்பது என் உறுதியான கருத்து.

பெயர்ச்சொற்களின் பாலைப் பற்றி நீட்டத் தேவையில்லை. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதற்கு மாணவர் காரணம் தேடக் கூடாது. சொல்லை அதன் சுட்டுடன், அதாவது பால் காட்ட அதற்கு முன்னே வரும் சிறுசொல்லுடன், சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். குறிப்பேட்டில் தனிச்சொல் எழுதியிருந்தால் அதை ஏற்பதில்லை என்ற விதியைத் தொடக்கம் முதல் கடைப்பிடித்தது சரியான முடிவு.

வீட்டுப்பாடம் நாளொன்றுக்கு இருபது நிமிடத்திற்கு மேல் போகக் கூடாது என்று தாளில் இருந்தது. பெரும்பாலும் அப்படியே நடந்தது. வார இறுதியில் மொத்தமாக இரண்டு மணி நேரம் அமர்வதைவிட நாள்தோறும் சிறிது நேரம் படிப்பது சொற்களை நினைவில் நிறுத்த நன்கு உதவுகிறது என்பதை மகளிடமே கண்டேன். இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றிய விதியும் தெளிவாக இருந்தது: ஒரு சொல்லின் பொருளைப் பார்க்கலாம், முழு வாக்கியத்தை மொழிபெயர்த்து ஒப்படைக்கக் கூடாது. ஐயம் எழுந்தால் அந்தப் பத்தியை ஆசிரியர் முன் வாய்மொழியாக விளக்க வேண்டும். தண்டனையைவிட இந்த ஏற்பாடு நல்லது. தான் எழுதியதை விளக்க முடிந்த மாணவர் அதைக் கற்றிருக்கிறார். முடியாதவருக்கு எங்கே உதவி தேவை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

பண்பாட்டு இலக்குகளில் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்தது. பிரெஞ்சு என்றால் பாரீசும் ஈஃபில் கோபுரமும் என்று நின்றுவிடாமல், ஒவ்வொரு மாணவரும் பிரெஞ்சு வழங்கும் வேறொரு நாட்டையோ பகுதியையோ பற்றிச் சிறு உரை நிகழ்த்த வேண்டியிருந்தது. 1804-இல் விடுதலை பெற்ற ஹைட்டி, 1977-இல் பிரெஞ்சு மொழிச் சாசனம் இயற்றிய கனடாவின் கியூபெக் மாநிலம், கவிஞரும் செனகலின் முதல் குடியரசுத் தலைவருமான லியோபோல்ட் செதார் செங்கோர் 1983-இல் பிரெஞ்சுக் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பல செய்திகள் எங்கள் வீட்டு உரையாடலுக்குள் வந்தன. மார்ச் 20 அன்று பிரெஞ்சு மொழி நாடுகளின் நாளாகக் கொண்டாடப்படுவதற்குக் காரணம், 1970-இல் அதே நாளில் நைஜரின் நியாமே நகரில் அந்நாடுகளின் அமைப்பு தோன்றியதுதான் என்று மகள் விளக்கினாள். எண்பதை நான்கு இருபதுகள் என்று சொல்லும் முறையைக் கற்ற வாரத்திலேயே, எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எளிய தனிச்சொற்கள் உண்டு என்பதையும் சொல்லிக்கொடுத்தது நன்று. ஒரு மொழிக்கு ஒரே சொந்தக்காரர் இல்லை என்பது பிள்ளைகளுக்கு இளமையிலேயே புரிய வேண்டியது.

இனி மதிப்பெண் முறைக்கு வருகிறேன். அறிவிப்புத் தாளின் இலக்குகளில் பாதிக்கு மேல் கேட்பதும் பேசுவதும்தான். ஆனால் அதே தாளின் கடைசிப் பக்கத்தில், நூற்றுக்கு 75 எழுத்துத் தேர்வுகளுக்கு, 15 வீட்டுப்பாடத்திற்கு, 10 மட்டுமே பேச்சுக்கு. கேட்டுப் புரிந்துகொள்வதற்குத் தனி மதிப்பெண்ணே இல்லை. பிரான்சின் கல்வி அமைச்சு வழங்கும் டெல்ஃப் சான்றிதழ்த் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கிற்கும் தலா 25 மதிப்பெண்; மொத்தத்தில் 50 பெற்றால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் குறைந்தால் தேர்ச்சி இல்லை. பேச்சைப் புறக்கணித்துவிட்டு எழுத்தால் மட்டும் ஈடுசெய்ய அந்த அமைப்பு இடம் கொடுப்பதில்லை. ஏ1 பேச்சுத் தேர்வு ஐந்து முதல் ஏழு நிமிடமே நடந்தாலும், தன்னைப் பற்றிய கேள்விகளுக்கு விடை, தகவல் பரிமாற்றம், கடை போன்ற சூழலில் ஓர் உரையாடல் என மூன்று பகுதிகள் அதில் அடங்குகின்றன. நம் அறிவிப்புத் தாளின் இலக்குகள் ஏறத்தாழ இவையேதான்.

எடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் மாணவரின் உழைப்பு போகும். ஆசிரியரின் நேரமும் போகும். கடைசிப் பருவத்தில் இருவர் இருவராகப் பேசும் பயிற்சி மறைந்ததற்கு ஆசிரியரைக் குறைசொல்ல நான் தயாராக இல்லை. இறந்தகால வினையுடன் பெண்பாலுக்காகச் சேர்க்கும், காதில் விழாத ஓர் எழுத்துக்காக மதிப்பெண் குறையும்போது, அந்த எழுத்தைத்தான் அவர் பயிற்றுவிக்க வேண்டியிருக்கிறது. விளைவாக, வகுப்பில் மிக இயல்பாகப் பேசிய சில பிள்ளைகள் நடுத்தர மதிப்பெண்ணுடன், தமக்கு மொழி வராது என்ற எண்ணத்துடன் ஆண்டை முடித்தார்கள். இதுதான் எனக்கு உண்மையில் வருத்தம் தரும் செய்தி. தாளின் முதல் பக்கம் அவர்களிடம் கேட்டதை அவர்கள் செய்துவிட்டார்கள்; கடைசிப் பக்கம் அதைக் கணக்கில் கொள்ளவில்லை.

திருத்தம் கடினமன்று. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு மாணவருக்கு ஐந்து நிமிடப் பேச்சுத் தேர்வு வைத்தால், முப்பது பேருக்கு இரண்டரை மணி நேரம், அதாவது நான்கு வகுப்புகளுக்குள் முடிந்துவிடும். அந்நேரத்தில் மற்றவர் படித்தல் பயிற்சி செய்யலாம். கேட்டலுக்குப் பதிவுசெய்யப்பட்ட சிறு உரையாடல்கள் பாடநூலுடனேயே வருகின்றன. அந்தப் பாடநூலும் பொதுவாக நன்று. ஆனால் பிரெஞ்சுச் சொற்களை எழுதும் முறையில் 1990-ஆம் ஆண்டு கொண்டுவந்த திருத்தங்களைச் சில பக்கங்களில் பின்பற்றியும் சில பக்கங்களில் விட்டும் செல்கிறது. இரு வடிவமும் ஏற்கத்தக்கவை என்று ஆசிரியர் முதலிலேயே அறிவித்துவிட்டால் தேவையற்ற குழப்பம் தவிரும்.

புதிய மொழியில் பிள்ளையின் கூச்சம் தீர வேண்டும், அடித்தளம் உறுதியாக அமைய வேண்டும் என்று விரும்பும் பெற்றோருக்கு இந்த வகுப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்; ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். மதிப்பெண் சான்றிதழை மட்டும் பார்த்துப் பிள்ளையின் பிரெஞ்சை அளக்க நினைப்பவர்கள், சேர்க்கும் முன் பேச்சுத் தேர்வு ஆண்டுக்கு எத்தனை முறை நடக்கிறது, அதை எந்த அளவுகோலால் திருத்துகிறார்கள் என்று ஆசிரியரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அடுத்த ஆண்டு அறிவிப்புத் தாள் தயாராகும் முன் பேச்சின் பங்கை 25-ஆக உயர்த்துமாறு நானும் வேறு சில பெற்றோரும் பள்ளிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். மகள் இரண்டாம் ஆண்டுக்கும் அதே வகுப்பில்தான் பெயர் பதிந்திருக்கிறாள்.