கேபிள் உட்கார்ந்தால் சரி என்றார்கள்; 11,350 ரூபாய் போச்சு

11,350 ரூபாய். சனிக்கிழமை ராத்திரி, பத்து விநாடிகூட ஆகவில்லை. இன்று செவ்வாய், கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களை மாட்டும்போது கவனிக்க வேண்டியதைக் கடைசியில் சுருக்கமாக எழுதுகிறேன். முதலில் நடந்தது.

பிளஸ் ஒன் படிக்கும் மகனும் நானும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது என்று முடிவு. இரண்டு பேருக்கும் இதுதான் முதல் தடவை. சென்னை ரிச்சி தெருவில், சந்துக்குள் இருக்கும் ஒரு சின்னக் கடையில் 650 வாட் மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கினோம். "பெட்டி பிரிச்ச சரக்கு சார், வாரன்டி இருக்கு" என்று 1,500 குறைத்துக் கொடுத்தார்கள். மாடுலர் என்றால் கேபிள்கள் தனித்தனியாகக் கழன்று வரும், தேவையானதை மட்டும் மாட்டிக்கொள்ளலாம். அங்கேயே எண்ணிப் பார்த்தோம். மதர்போர்டுக்கான (எல்லாவற்றையும் மாட்டும் பலகை) 24 பின், சிபியூவுக்கான (மூளையான சிப்) 8 பின், கிராபிக்ஸ் கார்டுக்கானது எல்லாம் இருந்தன. டிஸ்குகளுக்குப் போகும் சாட்டா பவர் கேபிள் மட்டும் இல்லை.

"அதுக்கென்ன சார்" என்று கடைக்காரர் மேசைக்கடியில் இருந்த டிரேயில் கைவிட்டுத் துழாவி ஒரு கறுப்புக் கேபிளை உருவினார். 350 ரூபாய். மகன் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது வேற கம்பெனி கேபிள் மாதிரி இருக்கே" என்றான். அவர் சிரித்தார். "தம்பி, கேபிளுக்கு ஏது கம்பெனி? சாட்டான்னா உலகம் பூரா ஒண்ணுதான். பின் உட்கார்ந்தா சரி." சொல்லிக்கொண்டே எஸ்எம்பிஎஸ்ஸில் செருகிக் காட்டினார். டக் என்று உட்கார்ந்தது. இருபது வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறாராம். நான் மகனைப் பார்த்து, "அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றேன். அந்த வார்த்தைதான் இப்போது தொண்டையில் நிற்கிறது. கேபிளுக்குப் பில் கேட்டதற்கு, "350 ரூபாய்க்கு எதுக்கு சார் பில்லு" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது, மகன் கைதட்டினான். உடனே சுர்ரென்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகும் வாடை. பிளக்கைப் பிடுங்கினேன். டிஸ்குகளைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டால் திரையில் பயோஸ் (கம்ப்யூட்டர் எழும்போது வரும் முதல் திரை) வருகிறது, மற்ற எல்லாம் நன்றாக இருக்கிறது. 6,200 ரூபாய் எஸ்எஸ்டியும் (சுற்றும் தட்டு இல்லாத டிஸ்க்) 4,800 ரூபாய் ஹார்ட் டிஸ்கும் மட்டும் செத்துவிட்டன. இரண்டும் அந்த வாரம்தான் வாங்கியவை. கேபிளோடு சேர்த்து 11,350. குடும்பப் போட்டோக்கள் இருக்கும் பழைய டிஸ்கை மாட்டுவதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைத்ததால் அது பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரோடு வந்தான். அந்தக் கேபிளின் முனையில் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மீட்டர் 12 வோல்ட்டைக் காட்டியது. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. டிஸ்கில் செருகும் முனை உலகம் பூரா ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனைக்கு அப்படிப் பொது விதி கிடையாது. எந்தப் பின்னில் 12, எந்தப் பின்னில் 5, எது கிரவுண்ட் (கரன்ட் திரும்பும் வழி) என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்கிறது, ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறலாம். பழைய எஸ்எம்பிஎஸ்களில் மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 என்று நிறத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம். இதில் எல்லா ஒயரும் கறுப்பு. 5 வோல்ட்டில் ஓடும் எஸ்எஸ்டிக்கு 12 போனால் என்ன ஆகும்?

திங்கள் காலை கடைக்குப் போன் செய்தேன். "உங்க வீட்டு கரன்ட்ல ஏதோ ஃபால்ட் சார்." மதியம்: "சிபியூ கேபிளை மாத்திச் சொருகியிருப்பீங்க." மாற்றிச் செருகியிருந்தால் மதர்போர்டு எப்படி ஓடுகிறது என்று கேட்டேன், லைன் கட். வாட்ஸப்பில் மல்டிமீட்டர் படம் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சாயங்காலம் நேரில் போனால், "இந்தக் கேபிள் எங்களுதுன்னு என்ன சார் ஆதாரம்?" பில் ஏன் தரவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எஸ்எஸ்டி சர்வீஸ் சென்டரில், எரிந்த தடம் இருந்தால் வாரன்டி கிடையாது என்று கவுன்டரிலேயே சொல்லிவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டேன், அவர்களும் முதலில் கேட்டது பில்தான்.

கேபிள் மாட்டும் முறையை விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் வந்த கேபிளைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள், வீட்டில் கிடக்கும் பழைய கேபிளையும்தான். ஒரு கேபிள் குறைந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம். சிபியூ 8 பின்னும் கிராபிக்ஸ் கார்டு 8 பின்னும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். 4+4 ஆகப் பிரிவது சிபியூவுக்கு, 6+2 கார்டுக்கு. உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள். 350 ரூபாய்ப் பொருளுக்கும் பில் வாங்குங்கள்.

வியாழக்கிழமை கடை முதலாளி வருவாராம். கேபிளையும் மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு போகிறேன். இந்தத் தடவை மகன் பேசுவான்.