பரிகாரியா, ஆஸ்பத்திரியா, இரண்டுமா? வன்னியில் புற்றுநோய்க்கு மூன்று வழிகள்

வன்னியில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று பயொப்சியில் (சதைத்துண்டுச் சோதனையில்) உறுதியானால், அன்று பின்னேரமே வீட்டு முற்றத்தில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒன்று தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ கொழும்புப் பக்கம் மகரகமவில் உள்ளதற்கோ கொண்டுபோகச் சொல்லும். மற்றது, "கத்தி வைச்சால் பரவிப்போம், பரிகாரியாரிட்டக் காட்டுங்கோ" என்று நாட்டு வைத்தியரின் பக்கம் நிற்கும். மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு, வீட்டில் சத்தமில்லாமல் கசாயமும் குடிப்பது. இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

"ஆளுக்கேற்ற வைத்தியம்" என்று இரு தரப்பும் சொல்கின்றன. ஆனால் இருவரும் பார்க்கிற இடம் வேறு. பரிகாரி ஆளைப் பார்க்கிறார். வாத உடம்பா, பித்த உடம்பா, பசி எப்படி, நித்திரை எப்படி என்று கேட்டு, நாடி பிடித்து, அதற்கேற்பக் குடிநீரையும் (கசாயத்தையும்) மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் அனுபானத்தையும் பத்தியத்தையும் மாற்றுகிறார். ஆஸ்பத்திரி கட்டியைப் பார்க்கிறது. மார்புப் புற்றென்றால், எடுத்த சதைத்துண்டில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருக்கிறதா, கட்டியை வளரத் தூண்டும் ஹெர்2 புரதம் மிகையாக இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். ஏற்பி இருந்தால் தமொக்சிஃபென் போன்ற குளிசை, ஹெர்2 மிகையென்றால் டிராஸ்டுசுமாப். ஒரே ஒழுங்கையில் இரண்டு பெண்களுக்கு ஒரே அளவு கட்டி இருந்தாலும் மருந்து ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

கட்டியை அழிப்பதுதான் நோக்கம் என்றால் கட்டியைத் தெரிந்த பக்கம்தான் போகவேண்டும். நாடியில் ஹெர்2 தெரியாது. அமெரிக்காவில் 2018 இல் வெளியான ஓர் ஆய்வு, வேறு இடத்துக்குப் பரவாத நிலையிலேயே மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேரை வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டது. மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களுக்குச் சாவு ஆபத்து இரண்டரை மடங்கு. மார்புப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். குணமாக்கக்கூடிய காலம் கசாயத்தில் கழிந்துவிடுகிறது.

அதற்காகப் பரிகாரியிடம் போகிறவர்களை அறிவில்லாதவர்கள் என்று சொல்ல நான் தயாரில்லை. ஆஸ்பத்திரி இலவசம்தான். ஆனால் வாய்ப்புற்றுக்குக் கரண்ட் பிடிப்பதென்றால் (கதிர்வீச்சுச் சிகிச்சை) கிழமைக்கு ஐந்து நாள், ஆறேழு கிழமை. ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ தினமும் பஸ்ஸில் போய்வர முடியுமா? தங்கவேண்டும், கூட ஒருவர் நிற்கவேண்டும், அவருடைய கூலி போகும். பரிகாரி சைக்கிள் தூரத்தில் இருக்கிறார். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி, 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியால் எழுந்தது. அது வந்தபிறகு எல்லாவற்றுக்கும் மகரகம வரை ஓடவேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனாலும் முல்லைத்தீவுக்காரருக்கு அதுவும் தூரம்தான்.

மூலிகையில் ஒன்றுமில்லை என்பவர்களுக்குப் பட்டிப்பூவைக் காட்டலாம். கோயில் வளவிலும் சுடலை ஓரத்திலும் பூக்கிற அதே நித்தியகல்யாணிதான். குழந்தைகளின் இரத்தப்புற்றுக்கு இன்றும் ஏற்றுகிற வின்கிறிஸ்டின் அதிலிருந்து வந்தது. ஆனால் ஒரு கிராம் மருந்தை எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையாவது வேண்டும். ஏற்றுவதோ சில மில்லிகிராம், அதுவும் நாளத்தினூடாக மட்டும். கொஞ்சம் தவறினாலும் நரம்பைப் பதம்பார்க்கும். இலையை அவித்துக் குடிக்கிறவருக்கு எவ்வளவு உள்ளே போகிறதென்று பரிகாரிக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது.

எனக்கு அதிகம் பயம் அந்த மூன்றாவது வழியில்தான். பல புற்றுநோய் மருந்துகளை ஈரலில் உள்ள நொதிகள்தான் உடைக்கின்றன. சில மூலிகைகள் அந்த வேலையைத் துரிதப்படுத்தும், சில தடுக்கும். ஐரோப்பியர் மனச்சோர்வுக்குக் குடிக்கும் ஒரு மூலிகை, இரினோடெகான் மருந்தின் வீரியமான வடிவத்தை இரத்தத்தில் 42 வீதம் குறைத்ததை 2002 இல் கண்டார்கள். மருந்து ஏறியது, வேலை செய்யும் பங்குதான் குறைந்துபோனது. நம் மிளகின் பைப்பரின் மறுபக்கமாக, நொதியைத் தடுக்கும் குணமுள்ளது. ரசத்தில் போடும் மிளகைப் பற்றிச் சொல்லவில்லை. மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் அடைத்து விற்கும் குளிசைகள்தான் கவலை. வேலியில் படரும் சீந்திலைக் கொவிட் காலத்தில் குடித்து ஈரல் பழுதான நோயாளிகளைப் பற்றி மும்பை வைத்தியர்கள் 2021 இல் எழுதினார்கள். ஆடுதின்னாப்பாளையில் உள்ள அமிலமோ சிறுநீரகத்தைக் கெடுப்பது மட்டுமல்ல, புற்றையே உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது.

இங்கேதான் வன்னிக்கென்று ஒரு கணக்கு வருகிறது. வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறது. வாய், தொண்டைப் புற்றுக்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. ஏற்கெனவே நொந்த சிறுநீரகம், அதன்மேல் சிஸ்பிளாட்டின், அதற்கும்மேல் என்ன வேரென்று தெரியாத குடிநீர். இன்னொன்று, போரில் பட்ட ஷெல் துண்டு உடம்பில் இருக்கிறவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆளுக்கேற்ற வைத்தியம் என்றால் இதெல்லாமும்தான்.

கிளினிக்கில் நடப்பது இது: "ஐயா, கசாயம் ஏதும் குடிக்கிறீங்களோ?" "இல்லை டொக்டர்." பக்கத்தில் நிற்கும் மகள் நிலத்தைப் பார்ப்பாள். ஏச்சு விழும் என்ற பயம். ஏசுகிற டொக்டர்மாரும் இருக்கிறார்கள்தான். சரி, வாயால் சொல்லப் பயமென்றால் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் என்ன வேர், என்ன தூள், ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். பரிகாரியிடம் போகும்போதும் அதே கொப்பியைக் காட்டவேண்டும். பதிவுபெற்ற சித்த வைத்தியர் என்றால் வாசித்துப் புரிந்துகொள்வார். கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே சித்த மருத்துவம் படித்து வருகிறார்கள். என்ன மருந்தென்று சொல்ல மறுக்கிற பரிகாரியை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

என் தெரிவு இதுதான். குணமாக்கலாம் என்று டொக்டர் சொன்னால் ஆஸ்பத்திரி, முழுதாக. மருந்து ஏற்றும் காலத்தில் குடிநீர் நிறுத்தம். குமட்டலுக்கு வேர்க்கொம்பு (சுக்கு) வேண்டுமென்றால் கேட்டுவிட்டுக் குடிக்கலாம், அதற்கு ஓரளவு ஆய்வு ஆதாரமும் உண்டு. காய்ச்சல் வந்தால் கசாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வாகனம் பிடிக்கவேண்டும், ஏனென்றால் வெள்ளணுக்கள் குறைந்த உடம்பில் கிருமி ஒரே இரவில் ஆளை விழுத்தும்.

இனிக் குணமாகாது என்ற கட்டத்தில் தராசு மாறுகிறது. ஆறுதலாகக் குந்தியிருந்து கதை கேட்கிற பரிகாரியும், கைகாலுக்கு எண்ணெய் தடவலும், வாய்க்குப் பிடித்த சாப்பாடும் அப்போது பெரிய விசயம். பத்தியம் என்று அந்த மனிசனைப் பட்டினி போடாதீர்கள். நோவுக்கு மட்டும் ஆஸ்பத்திரியின் மோர்பீன்தான். அது மலச்சிக்கல் தரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள்.