டீகோட் ஆன டேட்டாவைப் பார்க்க பல்ஸ்வியூவா, லாஜிக் 2-ஆ?

நான் செய்துகொண்டிருந்த கடிகார போர்டில் நேரம் நகரவே இல்லை. நேரத்தைக் கணக்கிடும் டிஎஸ்1307 சிப்புக்குப் போகும் ஐ2சி கம்பிகளில் (சிப்புகள் இரண்டே கம்பியில் பேசிக்கொள்ளும் முறை) புரோபை மாட்டி, முதலில் நண்பரின் சாலியே கருவியோடு (கம்பியில் போகும் சிக்னலைப் பதியும் லாஜிக் அனலைசர்) அதன் மென்பொருளான லாஜிக் 2-இல் பார்த்தேன். அப்புறம் என்னிடமிருந்த மலிவு லாஜிக் அனலைசர் போர்டை வைத்து பல்ஸ்வியூ என்ற மென்பொருளில் பார்த்தேன். அன்று முதல் எனக்கு பல்ஸ்வியூதான்.

விலை விஷயம் தெரிந்ததே. லாஜிக் 2-க்கு சாலியே கருவியே வேண்டும். சிக்ரோக் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின் பல்ஸ்வியூவுக்கு எஃப்எக்ஸ்2 சிப் வைத்த 8 சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் மலிவு போர்டு போதும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது, டீகோட் ஆனது (அலையிலிருந்து பிரித்தெடுத்த டேட்டா) திரையில் எந்த இடத்தில், எந்த அளவு விவரத்தோடு வருகிறது என்பது. லாஜிக் 2-இல் அலைக்கு மேலே பைட் பைட்டாகக் கட்டங்கள் வந்தன. விநாடி ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் விநாடியை வைத்திருக்கும் பைட்) ஹெக்ஸ் 80. சரி, 80 என்றால் என்ன? அதற்கு டேட்டாஷீட்டைத்தான் புரட்ட வேண்டும்.

பல்ஸ்வியூவில் ஐ2சி டீகோடரின் மேல் டிஎஸ்1307 டீகோடரை அடுக்கினேன். பிட்டுகள் ஒரு வரிசை, முகவரியும் டேட்டாவும் ஒரு வரிசை, ரெஜிஸ்டரின் பொருள் தனி வரிசை. எல்லாம் ஒரே நேரக்கோட்டில். அந்த 80-இன் முதல் பிட்டுக்கு நேர் கீழே, அதே அகலத்தில், ‘கிளாக் ஹால்ட்: 1’ என்று ஒரு சின்னக் கட்டம். மீதி ஏழு பிட்டுக்கும் சேர்த்து ‘செகண்ட்: 0’. அதாவது கடிகாரத்தை நிறுத்தி வைக்கும் பிட் 1-இல் நிற்கிறது; துடிப்பைத் தரும் ஆசிலேட்டரே ஓடவில்லை! அந்த பிட்டில் 0 எழுதியதும் கடிகாரம் ஓடியது. திரையைச் சுருக்கினால் எழுத்தும் ‘சிஎச்’ என்று தானே சுருங்கிக்கொள்கிறது. கட்டத்துக்குள் அடங்காமல் வழிவதில்லை.

லாஜிக் 2-இலும் பைத்தானில் ஹை லெவல் அனலைசர் (டீகோட் ஆனதன் மேல் அடுக்கும் இன்னொரு டீகோடர்) எழுதிச் சேர்க்கலாம். ஆனால் ஐ2சி-யில் அதற்குக் கீழிருந்து முழு பைட்டாகத்தான் வந்து சேர்கிறது. எந்த பிட் எங்கே தொடங்கியது என்பது கையில் இருக்காது. பிட் அளவில் பிழை தேடுபவருக்கு அது பெரிய குறை.

நீண்ட பதிவில் ஒரே ஒரு ‘NACK’-ஐ (பைட்டை ஏற்கவில்லை என்ற பதில்) தேட வேண்டுமென்றால் லாஜிக் 2-இன் டேட்டா டேபிள் அருமை. தேடலாம், வரியைச் சொடுக்கினால் அலை அந்த இடத்துக்கே போய் நிற்கும். பல்ஸ்வியூவின் அண்மை பில்டுகளிலும் அட்டவணை உண்டு. எனக்கு அது அவ்வளவு கைவரவில்லை.

நான் சொல்வதெல்லாம் ஐ2சி, யுஆர்ட் (இன்னொரு சீரியல் தொடர்பு முறை) அனுபவத்தை வைத்துத்தான். வண்டிகளில் பயன்படும் கேன் பஸ்ஸில் இரண்டு மென்பொருளையும் ஓரிரு முறைக்கு மேல் ஓட்டிப் பார்த்ததில்லை.