வெளிப்புறச் சுற்றுலா மார்க்கெட்டிங்குக்கு வருபவர்களின் முதல் கருவி: கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்

மலையேற்றம், கயாக், கூடார முகாம் என்று வெளிப்புறச் சுற்றுலா நிறுவனங்களுக்கு மார்க்கெட்டிங் செய்ய வருபவர்கள் பெரும்பாலும் ட்ரோனிலும் ரீல்ஸிலும்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் கை பழக வேண்டியது இலவசமாகக் கிடைக்கும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்: கூகுள் தேடலிலும் மேப்ஸிலும் ஒரு நிறுவனத்தின் முகவரி, நேரம், விமர்சனங்களைக் காட்டும் பக்கம். 2021 நவம்பர் வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்ததுதான் இது. இந்த வேலையின் அடிப்படை முழுவதையும் இதிலேயே கற்றுக்கொண்டுவிடலாம்.

சிக்கல் முதலில் வருவது முகவரியில். நடைபாதை தொடங்கும் இடத்தில் ஆட்கள் கூடுகிறார்கள் என்பதற்காக மேப்பில் அந்த இடத்தையே நிறுவனத்தின் முகவரியாகக் குறித்துவிடுகிறார்கள். நிறுவனத்துக்கு உரிமை இல்லாத இடத்தில் நடக்கும் வகுப்புக்கோ கூட்டத்துக்கோ ப்ரொஃபைல் வைக்கக் கூடாது என்பது கூகுளின் விதி. அலுவலகமே இல்லாதவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, சேவை தரும் பகுதிகளை மட்டும் கொடுக்க வேண்டும். 20 வரை கொடுக்கலாம். பெயரோடு ‘சிறந்த மலையேற்றம்’ என்று ஒட்டுப் போட்டால் ப்ரொஃபைல் முடக்கப்பட வாய்ப்புண்டு. பலகையில் உள்ள பெயர் மட்டும் போதும். நிறுவனம் உண்மையானதா என்ற சரிபார்ப்புக்குக் கூகுள் வீடியோ கேட்டால் வெட்டாமல், ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்: பெயர் எழுதிய வண்டி, படகுகள், கிடங்கைத் திறக்கும் சாவி.

விவரிப்புக்கு 750 எழுத்து இடம். ‘இயற்கையின் மடியில் மறக்க முடியாத அனுபவம்’ என்பது எல்லாருக்கும் பொருந்தும், யாருக்கும் உதவாது. ‘9 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம், 5 மணி நேரம், 12 வயதுக்கு மேல், மழைக்கோட்டு நாங்கள் தருவோம், காலணி உங்களுடையது’ என்று எழுதுங்கள். படித்தவர் தன்னால் முடியுமா என்று அங்கேயே முடிவு செய்துவிடுவார். வழிகாட்டிக்கும் பாதி தலைவலி குறையும்.

சீசன் முடிந்ததும் ‘தற்காலிகமாக மூடப்பட்டது’ என்று மாற்றிவிட வேண்டும். இதை மறந்தால், நெடுந்தொலைவு வண்டி ஓட்டி வந்து பூட்டிய கதவைப் பார்த்தவரின் ஒற்றை நட்சத்திரம் வந்து சேரும். இன்னொன்று: யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம், கூகுள் அதை ஏற்கவும் செய்யலாம். வாரம் ஒருமுறை நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் பார்த்துவிடுவது நல்லது.

தகவல் தொடர்புத் திறமை வெளிப்படுவது விமர்சனங்களுக்கு எழுதும் பதிலில்தான். ‘பாதி வழியிலேயே திருப்பிக் கூட்டி வந்துவிட்டார்கள்’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று மட்டும் சொன்னால் தவறு நிறுவனத்துடையது போலாகிவிடும். ‘உச்சிக்குப் போக முடியாதது ஏமாற்றம்தான். இடி கேட்டதும் இறங்குவதும், கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருப்பதும் எங்கள் நடைமுறை. அன்று அதற்குள் திரும்பும் நேரம் ஆகிவிட்டது’ என்றால், அடுத்து படிக்கும் குடும்பத்துக்கு இந்த நிறுவனத்தை நம்பலாம் என்று தெரியும். எழுதுமுன் அன்றைய வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள். நடக்காததை எழுதினால் கூட வந்த மற்றவர்களே மறுப்பார்கள். விமர்சனத்துக்குத் தள்ளுபடி தருவதும், திருப்தியடைந்தவர்களிடம் மட்டும் கேட்பதும் விதிமீறல்.

கருவியின் பெரிய குறை புள்ளிவிவரத்தில் இருக்கிறது. செயல்திறன் அறிக்கை 6 மாதம் வரைதான் பின்னோக்கிக் காட்டும். ஆண்டுக்கு ஒரே சீசன் உள்ள தொழிலில் இது போதாது. மாதக் கடைசியில் எண்களைத் தாளில் ஏற்றிவையுங்கள். ‘அழைப்புகள்’ என்பது பொத்தானை அழுத்திய எண்ணிக்கை, முன்பதிவு ஆகாது. இணையதள இணைப்பில் யுடிஎம் குறி (வருகை எங்கிருந்து வந்தது என்று காட்ட இணைப்பின் கடைசியில் ஒட்டும் சொற்கள்) சேர்க்காவிட்டால், இணையதள வருகையை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸில் அந்த வருகை மற்ற கூகுள் தேடல் வருகையோடு கலந்துவிடும்.

ப்ரொஃபைலை உங்கள் சொந்த மின்னஞ்சலில் உருவாக்காதீர்கள். உரிமையாளர் நிறுவனமாகவே இருக்கட்டும். நீங்கள் மேலாளராகச் சேர்ந்தால் அன்றாட வேலை எல்லாம் செய்யலாம், வேலை மாறும்போது வழக்கும் இல்லை. கிளம்புமுன் அனுமதி வாங்கி எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: பழைய விவரிப்பும் புதியதும், கடினமான 5 விமர்சனங்களுக்கு எழுதிய பதில்கள், மாதவாரித் தாள். அடுத்த நேர்காணலில் ட்ரோன் வீடியோவுக்கு முன்னால் இவற்றைக் காட்டுங்கள்.