நிணநீர் வீக்கத்துக்கு ஷோர்ட் ஸ்ட்ரெச் பண்டேஜ்: வாங்குமுன் தெரிய வேண்டியவை

மட்டக்களப்பில் பாமசிக்குப் போய்ப் பண்டேஜ் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இறப்பர் இழை கலந்த கிரேப்தான். சுளுக்குக்கு அது போதும். நிணநீர் தேங்கி வீங்கிய காலுக்கு ஷோர்ட் ஸ்ட்ரெச் எனப்படும், குறைவாகவே இழுபடும் பருத்திப் பண்டேஜ்தான் வேண்டும். ரோசிடல் கே, கொம்பிரிலான் இரண்டும் அந்த வகை. ஒரு சுருள் 5 மீற்றர். இறப்பர் கிடையாது. நூலின் முறுக்கும் நெசவும்தான் கொஞ்ச இழுவையைத் தருகின்றன; மருதமுனைத் தறிக்காரர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

அதிகம் இழுபடாத துணி ஏன் நல்லது? குருதி மயிர்க்குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களில் மிஞ்சும் நீரை நிணநீர்க் குழாய்கள் ஏந்திக் கழுத்தடி நாளங்களில் சேர்க்கின்றன. நாளொன்றுக்கு 2 முதல் 4 லீற்றர் வரை. இதைத் தள்ள இதயம் போல ஒரு பம்பு இல்லை. குழாய்ச் சுவர் தானாகச் சுருங்கும், சுற்றியுள்ள தசை நெரிக்கும், வால்வுகள் நீரைக் கீழே திரும்ப விடாது. புற்றுநோய் ஒப்பரேசனில் கக்கத்திலோ கவட்டிலோ நிணநீர்க் கணுக்களை எடுத்தால், கதிர்ச் சிகிச்சையில் குழாய்கள் சுருங்கினால், யானைக்கால் நோயைத் தரும் பைலேரியாப் புழு வால்வுகளைக் கெடுத்தால் நீர் தேங்கும். (இலங்கையில் பைலேரியா பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2016இல் உறுதிசெய்தது. அது பரவியிருந்ததும் மேல், தென், வடமேல் மாகாணங்களில். கிழக்கில் வீங்கிய காலை உடனே யானைக்கால் என்று சொல்லிவிட வேண்டாம்.) தேங்கிய நீரில் புரதம் உண்டு, அது மேலும் நீரைப் பிடித்து வைக்கும், நாளடைவில் நாரும் கொழுப்பும் படிந்து தோல் தடிக்கும். சலம் போகும் குளிசை நீரை மட்டும் எடுத்துப் புரதத்தை விட்டுவிடுவதால் வீக்கம் திரும்பி வரும்.

நடக்கும்போது கெண்டைத் தசை புடைத்துத் துணியில் முட்டுகிறது. துணி விட்டுக்கொடுக்காததால் அந்த அழுத்தம் உள்ளே திரும்பிக் குழாய்களை நெரிக்கிறது. தசை தளர்ந்ததும் குழாய் மறுபடி நிரம்புகிறது. கிரேப் தசையோடு சேர்ந்து விரிந்துவிடும், படுத்தால் விடாமல் இறுக்கும். அதனால் கிரேப்பை இரவில் கழற்ற வேண்டும். ஷோர்ட் ஸ்ட்ரெச்சைக் கட்டியபடியே தூங்கலாம். ஆனால் கட்டிவிட்டுக் கதிரையில் இருந்தால் காசு வீண். கல்லடிப் பாலத்தில் காலையும் மாலையும் நடந்தால்தான் துணி வேலை செய்யும்.

முழங்காலுக்குக் கீழ் ஒரு காலுக்கு 8 செ.மீ. சுருள் ஒன்று, 10 செ.மீ. இரண்டு. முதலில் தோலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, கிறீம் பூசுங்கள். பருத்திக் குழாய்த்துணி, அதன்மேல் பஞ்சு. கணுக்கால் எலும்பின் இரு பக்கக் குழியிலும் கூடுதல் பஞ்சு. பாதத்தை 90 பாகையில் மடக்கி, விரலடியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதைப் பாதி மூட, ஒரே இழுவையில் மேலேறுங்கள். கால் மேலே போகப் பருப்பதால் அதே இழுவையில் அழுத்தம் தானாகக் குறையும். நமக்கு வேண்டியதும் அதுவே. அதிகம் நடக்கும் பிழை, வழுக்கிவிடுமோ என்று முழங்காலடியில் இறுக்குவது. அங்கே முடிச்சுப் போட்டதுபோல் ஆகிப் பாதம் இன்னும் வீங்கும்.

கட்டியபின் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். சில வினாடியில் நிறம் திரும்ப வேண்டும். விரல் நீலித்தால், விறைத்தால், வலி கூடினால் உடனே கழற்ற வேண்டும்.

குறைகளும் உண்டு. விலை கிரேப்பைவிடப் பல மடங்கு. வீக்கம் வடிந்ததும் துணி தளர்ந்து சரியும். முதல் நாட்களில் தினமும் புதிதாகக் கட்ட வேண்டும். கச்சான் காலத்துச் சூட்டில் உள்ளே வியர்த்து விரலிடுக்கில் பங்கசு வரும், அந்த வெடிப்பு வழியே கிருமி ஏறும். மிதமான சுடுநீரில் கழுவி, பிழியாமல், நிழலில் விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரமே துணியை இழுத்துவிடும். மாரியில் காய நேரமெடுக்கும், மூன்று செற் இல்லாமல் சமாளிப்பது கடினம்.

நீரிழிவு உள்ளவர்களும் புகைப்பவர்களும் பாத நாடி ஓட்டத்தை டொக்டரிடம் பார்க்காமல் கட்டவே கூடாது. இதயச் செயலிழப்பு, புதிய இரத்தக் கட்டி, காய்ச்சலோடு சிவந்து கொதிக்கும் கால் ஆகியவற்றுக்கும் அப்படியே.

கெண்டையின் சுற்றளவை ஒரே இடத்தில் வாரம் ஒருமுறை நாடாவால் அளந்து எழுதுங்கள். அது மேலும் குறையாமல் நின்றதும் பண்டேஜுக்குப் பதிலாகப் போடும் அழுத்த ஸ்டொக்கிங்குக்கு அளவெடுக்கலாம். காலையில், பண்டேஜ் கழற்றிய கையோடு.