ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?

அத்தானுக்குப் பழைய டீசல் கார் அலுத்துவிட்டது. பெட்ரோலா, சிஎன்ஜி என்கிற உருளை கேஸா, கரண்டு வண்டியா என்று மூன்று மாதமாக வீட்டில் பட்டிமன்றம். வீடு பாளையங்கோட்டை பெருமாள்புரம், வேலை அம்பாசமுத்திரத்தில். போக வர 70 கிலோமீட்டர், மாதம் 25 நாள். ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர், உவரி என்று கிளம்பினால் அது தனி. வாங்கப்போவது சின்னக் கார். மறுபடியும் டீசலா என்ற பேச்சே எழவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு சின்ன டீசல் கார்கள் பெரும்பாலும் கடையைக் கட்டிவிட்டன.

இரண்டு மாதக் கணக்கு போட்டுப் பார்த்தேன், 3,500 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டருக்கு 16 கிலோமீட்டர், விலை 100 ரூபாய் என்று வைத்தால் 22,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. சிஎன்ஜி கிலோவுக்கு 25 கிலோமீட்டர், விலை 90 என்று வைத்தால் 12,600. கரண்டு வண்டி யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் போனால் 500 யூனிட்.

அந்த 500தான் வில்லங்கம். நம்மூர் வீட்டு மின்கணக்கில் தொடக்கத்தில் கொஞ்சம் யூனிட் இலவசம். இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டிவிட்டால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் உள்ளதற்கும் விலை கூடும். ஏசி, மோட்டார் எல்லாம் ஓடுகிற வீட்டில் காரும் வந்து சேர்ந்தால் தாண்டாமல் இருக்க வழியே இல்லை. "கரண்டு வண்டின்னா காசே ஆகாது" என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. சரி, நமக்குப் பாதகமாகவே யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்தாலும் 5,000 ரூபாய். பெட்ரோலோடு பார்த்தால் மாதத்துக்கு எட்டாயிரம் மிச்சம். வாங்கும்போது கூடுதலாகக் கொடுக்கிற சில லட்சத்தை இந்த ஓட்டத்தில் நாலைந்து வருடத்துக்குள் எடுத்துவிடலாம். வாரத்துக்கு இரண்டு நாள் கோயிலுக்கும் கடைக்கும் எடுக்கிறவருக்கு ஆயுசுக்கும் எடுக்க முடியாது.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலின் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே கலவையில் ஆறேழு சதவீதம் போய்விடும். "முன்ன மாதிரி மைலேஜ் இல்ல" என்று அத்தானின் நண்பர்கள் புலம்புவது வெறும் பிரமை இல்லை.

சிஎன்ஜிக்கு என் ஓட்டு விழாததற்குக் காரணம் டிக்கி. உருளை படுத்திருக்கிற டிக்கியில் அக்கா ஊரிலிருந்து அரிசி மூட்டையும் வாழைத்தாரும் எப்படிக் கொண்டுவருவாள்? இரண்டு சின்ன உருளைகளாக்கித் தளத்துக்கு அடியில் ஒளித்து வைக்கிற வடிவமைப்பு 2023-இல் வந்தது. உருப்படியான யோசனை, அது இருந்தால் பாதிக் குறை தீரும். ஆனால் எட்டு, ஒன்பது கிலோ பிடிக்கிற உருளைக்கு அத்தானின் ஓட்டத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை பங்க் வரிசை. பம்பில் அழுத்தம் குறைந்திருந்தால் அதுவும் நிறையாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை உருளைச் சோதனை வேறு.

ஆக, எந்த எரிபொருள் என்பதை முடிவு செய்வது ராத்திரி வண்டி நிற்கிற இடம்தான். அத்தானுக்குக் கார் ஷெட் இருக்கிறது. 15 ஆம்பியர் பிளக்கில் மூன்று, நான்கு மணி நேரம் மாட்டினால் அன்றைய 70 கிலோமீட்டர் திரும்பிவிடும். எனக்குத் திருநெல்வேலி டவுனில் ரதவீதிக்குப் பின்னால் சந்து வீடு. ஜன்னல் வழியாக வயரை நீட்டினால் மாடு மென்றுவிடும். எனக்குப் பெட்ரோல்தான்.

2023 டிசம்பர் வெள்ளத்தை எல்லோரும் இழுத்தார்கள். கரண்டு கார்களின் பேட்டரிப் பெட்டியைப் பொதுவாக ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும்படி செய்கிறார்கள். பெட்ரோல் வண்டி தண்ணீரை உறிஞ்சினால் இன்ஜின் போச்சு. ஜங்ஷன் பக்கம் நின்ற மாதிரி விடிய விடியத் தண்ணீர் நின்றால் மூன்றுக்கும் ஒரே கதி.

இதுவரை பேசியது காசு. உயிர் விஷயத்தில் எரிபொருள் எதுவானாலும் கவலை ஒன்றுதான். கூரையில் கண்ணாடி திறக்கிற மாடலுக்கு அத்தான் ஆசைப்படுகிறார். பங்குனி வெயிலில் நம்மூரில் அதை யார் திறப்பது? அந்தக் காசுக்குக் கூடுதல் ஏர்பேக் உள்ள மாடலை எடுக்கலாம். காரை மோதவிட்டுப் பார்த்துத் தருகிற நட்சத்திரக் கணக்கையும் புரிந்துகொண்டு பார்க்க வேண்டும். 2023-இல் தொடங்கிய, நம் நாட்டு நட்சத்திரத் திட்டமான பாரத் என்கேப்பின் முன்மோதல் சோதனை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில்தான். நான்குவழிச் சாலையில் நாங்குநேரி பக்கம் நூறைத் தாண்டி விரட்டுகிறவருக்கு ஐந்து நட்சத்திரம் எந்த வாக்குறுதியும் தரவில்லை. எதிர்த்திசையில் பைக் வருவதும் அங்கேதான்.

ஏசியைக் கூட்டக் குறைக்க டிவி மாதிரி ஒரு திரையைத் தடவச் சொல்கிற வண்டிகளை நான் ஒதுக்கிவிடுவேன். திருகுகிற குமிழ் இருந்தால் ஆலங்குளம் சாலையில் ஆடு குறுக்கே வரும்போது கண் சாலையிலேயே இருக்கும். ஐரோப்பியச் சோதனையாளர்களும் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்கு நிஜப் பொத்தான் வேண்டும் என்று 2026 முதல் மதிப்பெண்ணில் சேர்த்திருக்கிறார்கள்.

வாங்கியபின் நாம் மாட்டுகிறவை இன்னும் மோசம். முன்பக்க இரும்புக் கம்பிக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லியாயிற்று, மோதலை ஏர்பேக் சென்சார் சரியாக உணராமல் போகலாம் என்பதால். இன்றைக்கும் அதை மாட்டாமல் கார் நிறையவில்லை என்று நினைப்பவர்கள் நம்மூரில் உண்டு. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் சாதா சீட் கவர் அதை மறித்துவிடும்.

போன வாரம் ஒரு ஷோரூமில் கரண்டு வண்டியை ஓட்டிப் பார்த்தோம். அத்தான் ஸ்டியரிங்கை விட்டு இறங்க மனமில்லாமல் இருந்தார். அக்கா பின்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஏல தம்பி, இதை எதுல மாட்டணும்?" என்றாள். கொக்கி சீட் கவருக்கு அடியில் கிடந்தது. அதை வெளியே எடுத்துக் கொடுக்க விற்பனைக்காரப் பையனுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.